மூன்றாவது காத்தாடி

ஒரே வாரத்தில் ஒன்பது பியூஸ்.
பத்தாவதாகச் செருகியிருந்தது பியூஸே இல்லை,
முறுக்கிய செம்புக் கம்பி.
அது எரியவில்லை. அதற்குப் பதிலாக
மெயின் போர்டைக் கவிழ்த்து
லாபிஸ் கித்தா ஆலை முழுவதையும்
ஒரு மணி நேரம் இருட்டில் உட்கார வைத்தது.
அதனால்தான் என்னைக் குளுவாங்கிலிருந்து
வரச் சொன்னார்கள், மழையில், மோட்டாரில்.

கம்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
யார் வைத்ததென்று கேட்கவில்லை.
கேட்டால் ஆறு பேரும் கூரையைப் பார்ப்பார்கள்.

டிரைவைத் திறந்தேன்.
டயோடு ஆறும் மீட்டரில் ஒழுங்காகப் பேசின:
புள்ளி நாலு, புள்ளி நாலு, புள்ளி நாலு.
மோட்டாருக்கு மெகர் அடித்தேன். சுத்தம்.
இறக்கையைக் கையால் தள்ளினேன்,
பேரிங் முனகவில்லை.
கேபிளில் எலிப் பல் படவில்லை.
செய்தவனைக் காணோம்.
செத்தவர்கள் மட்டும் மேசைமேல் வரிசையாக,
வெள்ளைப் பீங்கான் உடம்போடு.

"பெரிய பியூஸா போட்டுடுங்க தங்கச்சி"
என்றார் சூப்பர்வைசர் சுகுமாறன்,
வயிற்றுவலிக்காரனுக்குப் பெரிய இலை
போடச் சொல்வது மாதிரி.
அதே அளவில் மூன்றும் புதிதாக மாட்டினேன்.

முப்பத்தெட்டு ஹெர்ட்ஸில் ஓடியது.
அடுப்பிலிருந்து வரும் கித்தா பிஸ்கட்
ஆறினால்தான் பெட்டியில் அமுக்கலாம்.
சூட்டோடு அமுக்கினால் நடுவில் பிசுபிசுக்கும்,
வாங்குகிறவன் அறுத்துப் பார்ப்பான்.

பன்னிரண்டு. ஒன்று. இரண்டு.
எல்லாம் சரி.
சரியாக ஓடுகிறதே என்று வீட்டுக்குப் போனவன்தான்
ஒன்பது பியூஸ் மாற்றியவன்.
நான் கோப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டு நாற்பதுக்கு
தராசில் நிற்கும் யோகமலர் வந்து
சுவரிலிருந்த ஐசோலேட்டரைக் கீழே இழுத்தாள்.
அவள் தலைக்கு மேலே மூன்றாவது காத்தாடி
மெல்ல அடங்கியது.
கைப்பேசியைக் காதில் அழுத்தினாள்.
"சாப்டியா? கேக்குதா? டேய்..."
லைன் போய்விட்டது.
மேலே தள்ளினாள்.
மணி அடித்தது. கீழே.
லைன் போனது. மேலே.
மறுபடி மணி. கீழே. மேலே.
டப்.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

ஐந்து நிமிடம் காத்திருக்கும்படி
டிரைவின் நெற்றியில் மலாயில் எழுதியிருக்கிறது.
கப்பாசிட்டரில் ஐந்நூற்றெண்பது வோல்ட்
இறங்கி வர வேண்டும்.
கதவருகே இரண்டு பேரும் நின்றோம்.
"மவன்" என்றாள். "ஜேபியிலேர்ந்து சிங்கப்பூர் வேல.
மூணு மணிக்கு மோட்டார் எடுத்துடுவான், பாலத்துல நெரிசல்.
உள்ள போனா போன வாங்கி வச்சிருவாங்க."
முந்நூறு.
"நின்னப்ப வந்த தட்ட நான் அமுக்கறதில்ல.
ஒதுக்கி வச்சுருவேன்."
நூற்றுப் பத்து. நாற்பது.

உள்ளே இருந்தது:
ஒவ்வொரு தடவை மேலே தள்ளும்போதும்
கப்பாசிட்டர் காலி வயிற்றோடு பாயும்.
மடக்கு மடக்காகக் குடிக்க வைக்க
வாசலில் ஒரு ரெசிஸ்டர், பக்கத்தில் ஒரு ரிலே.
விலக நேரமில்லாமல் தட்டித் தட்டி
ரிலேயின் உதடு ஒட்டிக்கொண்டுவிட்டது.
பியூஸ் பாவம், நடுவில் நின்றது.

ஸ்டோரில் கிடந்த பழைய டிரைவிலிருந்து
ரிலே கார்டைக் கழற்றி மாட்டினேன்.
தராசுக்குப் பக்கத்தில் ஒரு திருகு சுவிட்ச்,
டிரைவுக்கு இரண்டே இரண்டு ஒயர்.
"கரண்ட வெட்டாதீங்கக்கா.
நில்லுன்னு சொல்லுங்க, அது நிக்கும்."
நிற்கத் தொண்ணூறு வினாடி வைத்தேன்.
அவசரப்படுத்தினால் டிரைவுக்குப் பிடிக்காது.

அறிக்கையில் எழுதினேன்: ரிலே பழுது. மாற்றப்பட்டது.
பொய் இல்லை.
சுகுமாறன் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.
செம்புக் கம்பி துவைக்கும்போது கிடைத்தது.

அடுத்த வாரம், பியூஸ் எப்படி என்று கேட்க
ராத்திரி தராசுக்குப் போன் அடித்தேன்.
புயல் மாதிரி இரைச்சல்.
அதற்குள்ளிருந்து யோகமலர் கத்தினாள்:
"இருங்க, இருங்க,
காத்தாடி நிக்கட்டும்."